அத்தைக்கு ஈ.எஸ்.ஆர். 96

2018 நவம்பர் மாதத்து லேப் ரிஜிஸ்டரை நான் பழைய பேப்பருக்குப் போடவில்லை. அதில் ஒரு வியாழக்கிழமைப் பக்கம் இருக்கிறது. பதினோரு பெயர்கள். ஏழாவது பெயர் என் அத்தையுடையது. அப்பாவின் அக்கா, வயது 73. பெயருக்கு நேரே, ஈ.எஸ்.ஆர். (சிவப்பணு இறங்கும் வேகம்) என்ற கட்டத்தில், என் கையெழுத்தில் 96 என்று எழுதியிருக்கிறது.

கோவில்பட்டியில் ஒரு சின்ன லேபில் 22 வருடமாக ரத்தம் எடுக்கிறேன். ஈ.எஸ்.ஆர். எனக்கு இட்லி ஊற்றுவது மாதிரி. ரத்தம் உறையாமலிருக்க அதோடு சிட்ரேட் கலந்து, 200 மில்லிமீட்டர் வரை கோடு போட்ட வெஸ்டர்கிரன் குழாயில் ஏற்றி, ஸ்டாண்டில் நேராக நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் வேறு வேலையைப் பார்க்கலாம். சிவப்பணுக்கள் மெல்லக் கீழே இறங்கும், மேலே மஞ்சளாகத் தெளிந்த நீர் நிற்கும். அந்தத் தெளிவு எத்தனை மில்லிமீட்டரோ அதுதான் கணக்கு. உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் ஃபைப்ரினோஜன் என்கிற புரதம் ரத்தத்தில் கூடும். அது சிவப்பணுக்களைக் காசு அடுக்கினாற்போல ஒட்ட வைக்கும். கனம் கூடினால் வேகமாக இறங்கத்தானே செய்யும். 1897இல் போலந்துக்காரரான பியெர்னாட்ஸ்கி என்ற மருத்துவர் இதைக் கவனித்தார். 1920களை ஒட்டி ஸ்வீடனில் ஃபாரியஸும் வெஸ்டர்கிரனும் இதை ஆஸ்பத்திரிப் பரிசோதனையாக மாற்றினார்கள். நூறு வருடத்தில் எத்தனையோ மெஷின் வந்துவிட்டது, இது மட்டும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது.

வயதானால் ஈ.எஸ்.ஆர். கொஞ்சம் ஏறும். அதற்கு ஒரு வாய்க்கணக்கு உண்டு. ஆணென்றால் வயதில் பாதி, பெண்ணென்றால் வயதோடு பத்தைக் கூட்டி அதில் பாதி. அத்தைக்கு 41 வரை விடலாம். 96 என்பது அதற்கு இரண்டு மடங்குக்கும் மேலே. குழாய் சாய்ந்து நின்றதோ என்று சந்தேகப்பட்டேன், ஏனென்றால் சாய்ந்தால் பொய்யாக ஏறிக் காட்டும். மறுபடி போட்டேன். 94 வந்தது. முதலில் வந்ததையே எழுதினேன்.

எழுதிவிட்டு என்ன நினைத்தேன் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ‘வயசாயிட்டு, ரத்தமும் குறைச்சல், அதான்.’ ஹீமோகுளோபின் 9.4. எங்கள் பக்கம் ஈ.எஸ்.ஆர். நூறைத் தொட்டால் முதலில் டி.பி. நினைவுக்கு வரும், அப்புறம் யூரின் இன்ஃபெக்‌ஷன், ஆறாத கால் புண், எப்போதாவது மயலோமா என்ற ரத்தப் புற்றுநோய். அத்தைக்கு இருமல் இல்லை. யூரினில் கொஞ்சம் சீழ் அணுக்கள் இருந்தன. டாக்டர் அதற்கு ஐந்து நாள் ஆன்டிபயாடிக் எழுதினார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஈ.எஸ்.ஆர். எதையும் பெயர் சொல்லிக் காட்டாது, ‘எங்கேயோ எரிகிறது’ என்பதோடு நின்றுவிடும். எங்கே என்று கேட்க வேண்டியது நாம்தான். நான் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்வதற்கு அத்தையிடம் மூன்று மாதக் கதை இருந்தது. உண்மையில் அவள் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள், ஒவ்வொரு துண்டை ஒவ்வொருவரிடம்.

முதல் துண்டு ஆவணியில். “கையத் தூக்க முடியலட்டி. ரெண்டு தோளையும் யாரோ கயித்தால கட்டிப் போட்ட மாதிரி இருக்கு. கொண்டை போட ஆள் தேட வேண்டியிருக்கு.” காலையில் எழுந்ததும் அப்படி இருக்கும், பத்து பதினொரு மணிக்குமேல் கொஞ்சம் இளகும். தொடையும் இடுப்பும்கூட அதே மாதிரி. கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார், தேய்மானம் என்றார். 73 வயது எலும்பை எக்ஸ்ரே எடுத்தால் தேய்மானம் தெரியாமல் என்ன தெரியும்? ஆனால் தேய்மானம் இரண்டு தோளிலும் ஒரே வாரத்தில் வந்து சேராது. அதற்கு பாலிமயால்ஜியா ருமாட்டிகா என்று ஒரு பெயர் இருப்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அத்தைக்கு வந்த பெரிய வியாதியின் பங்காளி அது. பெரிய வியாதி வந்தவர்களில் பாதிப் பேருக்கு இதுவும் இருக்கும். இது மட்டும் வந்தவர்களில் பத்துக்கு ஒருவர் இருவருக்குப் பெரியதும் வந்து சேரும்.

இரண்டாவது துண்டு தலைவலி. எழுபது வயது வரை தலைவலி என்றால் என்னவென்று தெரியாத மனுஷி அவள். ஐப்பசி மழையில் ஆரம்பித்தது. வலது நெற்றிப்பொட்டில், இரவும் பகலும். பக்கத்து வீட்டு அக்கா ‘நீர் கோத்திருக்கு, ஆவி பிடிங்க’ என்றாள். நான் சுக்கு உரைத்துக்கொண்டு பத்துப் போடப் போனேன். விரல் பட்டதும் அத்தை என் கையைத் தட்டிவிட்டாள். “தொடாதட்டி, உயிர் போகுது.” சீப்பு வைக்க முடியவில்லை, வலது பக்கம் தலையணையில் சாய முடியவில்லை. உள்ளே வலிக்கிற தலைவலிக்கு மேல்தோல் இப்படிக் கூசக் கூடாது. சுக்குக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்ற நிமிடத்திலேயே ஏதோ பொருந்தவில்லை என்று தோன்றியிருக்க வேண்டும்.

அந்தப் பொட்டில் புழு நெளிந்தாற்போல ஒன்று புடைத்திருந்ததை வீட்டில் எல்லோரும் பார்த்தோம். “நரம்பு புடைச்சிருக்கு” என்று எல்லோரும் சொன்னோம். நம் பேச்சில் நரம்பு என்றால் எல்லாம்தான். மூளையிலிருந்து வருவதும் நரம்பு, ரத்தம் ஓடுவதும் நரம்பு. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு ‘நரம்பு கிடைக்கல, கையை நல்லா மூடுங்க’ என்று நானே தினம் பத்துப் பேரிடம் சொல்கிறவள்தான். அத்தைக்குப் புடைத்திருந்தது தமனி. காதுக்கு முன்னால் ஏறி நெற்றிப்பொட்டில் கிளை பிரிகிற டெம்போரல் தமனி. விரலை மெல்ல வைத்தால் அதில் நாடி துடிக்க வேண்டும். அழற்சி வந்தால் அது கயிறு மாதிரி தடித்துப்போகும், தொட்டால் வலிக்கும், துடிப்புக் குறையும், சில சமயம் இல்லாமலே போகும். விரல் வைத்துப் பார்க்க நாலு விநாடி போதும். வார்த்தை தப்பாக இருந்தால் கண்ணில் பட்டதும் படாதது மாதிரிதான்.

பெல்ஜியத்தில் புரூஜ் நகரத்து அருங்காட்சியகத்தில் யான் வான் ஐக் 1436இல் முடித்த ஓவியம் ஒன்று உண்டு. அதில் மண்டியிட்டிருக்கிற வயதான பாதிரியாரின் நெற்றிப்பொட்டில் தமனி முறுக்கிப் புடைத்திருப்பதை அப்படியே தீட்டியிருக்கிறார். காலை வழிபாடுகளுக்கு வர முடியாமல் அந்தப் பாதிரியார் உடம்பு சுகமில்லையென்று விலக்கு வாங்கியிருந்த குறிப்பும் இருக்கிறதாம். இதே வியாதியாக இருக்கலாமோ என்று பிற்கால மருத்துவர்கள் ஊகித்திருக்கிறார்கள். ஊகம்தான், ஆனாலும் அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது எனக்கு என்னவோபோல இருந்தது. தூரிகை பிடித்தவர் அவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறார். ஊசி பிடிக்கிற நான் பார்க்கவில்லை.

மூன்றாவது துண்டுதான் முக்கியமானது. அதுதான் எல்லோருக்கும் அற்பமாகத் தெரிந்தது. அத்தை கோவில்பட்டிக்காரி, கடலைமிட்டாய் இல்லாமல் அவளுக்கு மத்தியானம் முடியாது. அந்தத் தீபாவளி சமயத்தில் அதை நிறுத்தினாள். “நாலு கடி நல்லா இருக்குட்டி. அப்புறம் தாடை கடுக்கு. நிறுத்தினா சரியாப் போகுது. திரும்ப மென்னா திரும்பக் கடுக்கு.” வயதானவள், பல் என்று எல்லோரும் முடிவு கட்டினோம். பல் டாக்டரும் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். அந்தப் பல்லில் சொத்தை இருந்தது உண்மை. பிடுங்கின பிறகும் தாடை கடுத்தது.

சொத்தைப் பல் முதல் கடியிலேயே சுருக்கென்று காட்டிவிடும். இது அப்படி இல்லை. கொஞ்ச நேரம் மென்ற பிறகு தாடைத் தசை களைத்துக் கடுக்கும், ஓய்வு கொடுத்தால் தணியும். தசைக்கு வேலை கூடக் கூட ரத்தம் கூட வேண்டும். வருகிற தமனி உள்ளே வீங்கிச் சுருங்கியிருந்தால் பற்றாது. ரொம்ப நாள் பீடி குடித்தவர்களுக்கு நூறடி நடந்ததும் கெண்டைக்கால் இழுத்து, நின்றால் சரியாகுமே, அதே கதைதான் தாடையில். தாடை இப்படிக் கடுக்க வேறு காரணங்கள் மிகக் குறைவு. பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் இந்த வியாதியை ஆராய்ந்தவர் சோஹன் சிங் ஹைரே. அவரும் கூட்டாளிகளும் 1997இல் தங்கள் நோயாளிகளின் விவரத்தைப் பிரித்துப் பார்த்ததில், மெல்லும்போது தாடை வலிக்கிறவர்களுக்குத் தமனித் துண்டுப் பரிசோதனையில் நோய் உறுதியாகிற வாய்ப்பு ஒன்பது மடங்கு என்று வந்தது. தலைவலி அவ்வளவு தூரம் உதவவில்லை. தலைவலி ஊரில் யாருக்குத்தான் இல்லை.

ஆக, தோளை எலும்பு டாக்டர் கேட்டார், தாடையைப் பல் டாக்டர் கேட்டார், தலைவலியைப் பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள், ரத்தத்தை நான் கேட்டேன். யார் மேலும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. நாலு பேரில் அத்தையோடு ஒரே வீட்டில் சாப்பிட்டது நான் ஒருத்திதான்.

டிசம்பர் முதல் வாரம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றும்போது வலது கண்ணில் மேலிருந்து திரை இறங்கியதுபோல இருந்திருக்கிறது. ஐந்து நிமிடத்தில் விலகிவிட்டது. அத்தை யாரிடமும் சொல்லவில்லை. “சொன்னா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவிய.” செவ்வாய்க்கிழமை காலை கண் விழித்தபோது வலது கண்ணில் ஒன்றுமே இல்லை. வலியும் இல்லை. நடுவில் கிடைத்தது மூன்று நாள் அவகாசம். வயதானவர்களுக்குக் கண் மறைத்துத் திரும்பி வந்தால் ‘அசதி’ என்று படுக்க வைக்கிற வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அன்றைக்கே கிளம்ப வேண்டிய விஷயம் அது. திடீரென்று பொருள் இரண்டாகத் தெரிவதும் அப்படித்தான்.

கோவில்பட்டியிலிருந்து மதுரை நூறு கிலோமீட்டர். கண் ஆஸ்பத்திரியில் ட்யூட்டியில் இருந்தது ஒரு சின்னப் பெண். விழிக்குள் லைட் அடித்துப் பார்த்தார், கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கண்ணைப் பற்றிக் கேட்காமல், “பாட்டி, சாப்பிடும்போது மெல்ல மெல்லத் தாடை வலிக்குமா?” என்று கேட்டார். அத்தை பதில் சொல்லும் முன் நான் “ஆமா” என்றேன். “தலை வாரினா வலிக்குமா?” ஆமா. “தோள் பிடிச்சுக்குமா காலையில?” ஆமா. “சமீபத்துல ஈ.எஸ்.ஆர். ஏதாவது பார்த்தீங்களா?”

“பார்த்தோம். 96. நான்தான் பார்த்தேன்.”

அந்த டாக்டர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு ஐ.வி. போடச் சொன்னார்.

வியாதியின் பெயர் ஜெயண்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ். பழைய பெயர் டெம்போரல் ஆர்ட்டரைட்டிஸ். ஐம்பது வயதுக்குக் கீழே அநேகமாக வராது, எழுபதுகளில்தான் அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு. பாடப்புத்தகத்தில் இதை ஸ்காண்டிநேவியர்களின் வியாதி என்றே சொல்லிவைத்திருக்கிறார்கள். அது பொய்யில்லை, நோர்வே, ஸ்வீடன் பக்கமும் அங்கிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்களிடமும்தான் மிக அதிகம். நம்மிடம் குறைவு. ஆனால் குறைவு என்பதை நம் ஆட்கள் ‘இல்லை’ என்று படித்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் அறுபது தாண்டியவர். இப்போது இன்னும் கூடியிருக்கும். குறைவான வியாதியும் கிழவர்கள் பெருகினால் கூடத்தானே செய்யும்.

கண் போனது எப்படி என்று அன்றிரவு அந்த டாக்டரே ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். விழியின் பின்புறம் பார்வை நரம்பு (இது நிஜமான நரம்பு) தொடங்குகிற இடத்துக்கு ரத்தம் கொடுப்பவை பின் சிலியரித் தமனிகள் என்ற மெல்லிய குழாய்கள். அவை அடைபட்டால் நரம்பின் தலை பட்டினியில் வெளுத்து வீங்கிவிடும். சுண்ணாம்பு மாதிரி வெளுப்பு. அதைத்தான் அவர் லைட்டில் பார்த்திருக்கிறார். இந்தக் குழாய்களின் முக்கியத்துவத்தை உலகத்துக்குப் புரியவைத்ததும் அதே ஹைரேதான். போன பார்வை திரும்புவது அபூர்வம். மருந்து கொடுக்காவிட்டால் அடுத்த கண்ணும் சில நாளிலோ சில வாரத்திலோ போகக்கூடும். அதனால் எல்லா அவசரமும் இடது கண்ணுக்காகத்தான்.

மெத்தில்பிரெட்னிசலோன் ஒரு கிராம், ட்ரிப்பில், மூன்று நாள். என் அண்ணன் சண்டைக்கே போய்விட்டான். “ஒரு டெஸ்டும் உறுதியாகலை, அதுக்குள்ள இவ்வளவு ஸ்டீராய்டா?” டாக்டர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: “உறுதியான ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகும். இந்தக் கண் ஒரு வாரம் காத்திருக்கும்னு என்னால உங்களுக்குச் சொல்ல முடியாது.” இந்த வியாதியில் வைத்தியம் முதலில், நிரூபணம் அப்புறம். ஸ்டீராய்டு ஆரம்பித்த பின்னும் இரண்டு வாரம் வரையாவது தமனியில் தடயம் கலையாமல் இருக்கும், அதனால் தமனித் துண்டை எடுத்துப் பார்க்கிற பயாப்சிக்காக மருந்தை நிறுத்திவைக்கத் தேவையில்லை.

நாலாம் நாள் பயாப்சி. மரத்துப்போக ஊசி போட்டு, முடி ஓரத்தில் கீறி, இரண்டு சென்டிமீட்டர் தமனியை எடுத்தார்கள். அவ்வளவு நீளம் எதற்கு என்றால், அழற்சி தமனி முழுக்க ஒரே சீராக இருக்காது, இங்கே கொஞ்சம், விட்டு அங்கே கொஞ்சம் இருக்கும். நல்ல துண்டே கையில் மாட்டிக்கொண்டால் ‘ஒன்றுமில்லை’ என்று ரிப்போர்ட் வரும். ஆகவே நெகட்டிவ் வந்தாலும், அறிகுறிகள் அழுத்தமாக இருந்தால் மருந்தை நிறுத்த மாட்டார்கள். அல்ட்ராசவுண்டிலும் பார்க்கலாம். வீங்கின தமனிச் சுவர் ரத்தக் குழலைச் சுற்றிக் கருவளையமாகத் தெரியும். பெர்லினில் வோல்ஃப்காங் ஷ்மிட் குழுவினர் 1997இல் இதை எழுதினார்கள். ஐரோப்பாவில் இப்போது கத்தி வைக்காமல் இதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஆனால் அதற்குப் பழகின கை வேண்டும். வயிற்று ஸ்கேன் செய்கிறவரிடம் போய் நெற்றிப்பொட்டைக் காட்டினால் நடக்காது.

லேப்காரி என்ற உரிமையில் பேத்தாலஜி டாக்டரிடம் கெஞ்சி அந்த ஸ்லைடைப் பார்த்தேன். தமனிச் சுவருக்குள் ரிப்பன் மாதிரி நெளிநெளியாக ஒரு மீள்படலம் ஓடும். அத்தையுடையது அங்கங்கே அறுந்து கிடந்தது. அறுந்த இடங்களில் பல உட்கருக்கள் கொண்ட பெரிய பெரிய செல்கள், ‘ஜெயண்ட்’ என்ற பெயர் வந்த காரணம். நடுவில் ரத்தம் ஓட மிஞ்சியிருந்தது ஊசிக்காது அளவு வழி. அங்கிருந்து கசிகிற இன்டர்லூக்கின்-6 என்ற பொருள்தான் ஈரலைத் தூண்டி சி.ஆர்.பி. என்ற இன்னொரு அழற்சிப் புரதத்தையும் ஃபைப்ரினோஜனையும் கொட்ட வைக்கிறது. அந்த ஃபைப்ரினோஜன்தான் என் குழாயில் சிவப்பணுக்களை அடுக்கி 96 வரை இறக்கியது. மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

1890இல் லண்டனில் ஜொனாதன் ஹட்சின்சன் என்ற மருத்துவர் ஒரு கிழவரைப் பற்றி எழுதினார். தலையில் சிவந்த வரிகள் புடைத்து, தொப்பி வைக்க முடியாத அளவு வலித்ததாம். நம் ஊரில் சீப்பு, அங்கே தொப்பி. 1932இல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கின் பயார்டு ஹார்ட்டன் தமனியை வெட்டி எடுத்துப் பார்த்து, உள்ளே நடப்பது இன்னது என்று விவரித்தார். ஆனால் கண் போவதைத் தடுக்க அவர்கள் யாரிடமும் ஒன்றும் இல்லை. அதே மேயோவில் 1948இல் ஃபிலிப் ஹென்ச் மூட்டுவாதக்காரி ஒருத்திக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைப் போட்டார். அவருக்கும் கெண்டல், ரைக்ஸ்டைன் இருவருக்கும் 1950இல் நோபல் கிடைத்தது. அத்தைக்கு ட்ரிப்பில் ஏறியது அந்தக் கார்ட்டிசோனின் பேத்தி.

இரண்டாம் நாள் காலை அத்தை தலையணையில் வலது பக்கம் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்து தானே கொண்டை போட்டாள். இந்த வியாதிக்கு ஸ்டீராய்டு கேட்கிற வேகம் அப்படி. வலது கண் மட்டும் வரவில்லை.

ட்ரிப்புக்குப் பிறகு பிரெட்னிசலோன் மாத்திரை, தினம் 50 மில்லிகிராம். ஒரு மாதம் போல அந்த அளவிலேயே ஓட்டி, அப்புறம் படி இறங்குகிற மாதிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும். ஒன்றரை இரண்டு வருடம் ஆகும் என்றார்கள். முன்கூட்டியே நெஞ்சு எக்ஸ்ரே, மான்டூ டெஸ்ட், ஏனென்றால் ஸ்டீராய்டு உள்ளே தூங்குகிற டி.பி.யை எழுப்பிவிடும். எலும்புக்குக் கால்சியமும் வைட்டமின் டி-யும் வாரம் ஒரு மாத்திரையும். வயிற்றுக்கு ஒன்று. இரண்டாம் வாரமே சர்க்கரை 300ஐத் தாண்டியது, மூன்று மாதம் இன்சுலின் போட்டேன். முகம் உருண்டது. தெருவில் “முகம் தெளிஞ்சு நல்லா ஆயிட்டியே” என்று விசாரித்தார்கள்.

கூடவே இன்னொரு விசாரிப்பும் வந்தது. “ஸ்டீராய்டா? ஐயோ, கிட்னியைத் தின்னுருமே. பாதியாக் குறைச்சிருங்க.” நம் ஊரில் ஸ்டீராய்டு பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆஸ்துமாவுக்கும் மூட்டுவலிக்கும் பொட்டலம் மடித்துப் பெயர் சொல்லாமல் அதைக் கொடுத்தே பழக்கியவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்தப் பயம் வர வேண்டிய இடத்தில் வராமல் வரக்கூடாத இடத்தில் வந்து நிற்கிறது. அத்தை எனக்குத் தெரியாமல் 20 மில்லிகிராமை ஒரே நாளில் பத்தாக்கினாள். பதினைந்தாவது நாள் தோசை மெல்லும்போது கையைத் தாடையில் வைத்தாள். நான் தட்டை அப்படியே போட்டுவிட்டு அவளை லேபுக்குக் கூட்டிப்போனேன். ஈ.எஸ்.ஆர். 78. மறுபடி 40 மில்லிகிராமிலிருந்து இறங்க வேண்டியதாயிற்று. ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களிலேயே ஏறத்தாழ பாதிப் பேருக்கு வியாதி ஒருமுறையாவது திரும்பி எட்டிப் பார்க்கும். திடீரென்று நிறுத்தினால் இன்னொரு ஆபத்தும் உண்டு. மாதக்கணக்கில் வெளியிலிருந்து கிடைத்ததால், உடம்புக்கான ஸ்டீராய்டைச் சுரக்கிற அட்ரினல் சுரப்பி வேலையை மறந்திருக்கும், ரத்த அழுத்தம் சரிந்து ஆளே சாயலாம்.

ஸ்டீராய்டைச் சீக்கிரம் குறைக்க டோசிலிசுமாப் என்று ஒரு ஊசி உண்டு. இன்டர்லூக்கின்-6 செய்கிற வேலையைத் தடுப்பது. 251 பேரை வைத்து நடந்த ஆய்வு 2017இல் வந்தது. வாரம் ஒருமுறை இந்த ஊசி போட்டவர்களில் ஒரு வருட முடிவில் 56 சதவீதம் பேர் ஸ்டீராய்டை விட்டும் வியாதி திரும்பாமல் இருந்தார்கள். ஸ்டீராய்டை மட்டும் நம்பியவர்களில் இருபதுக்கும் கீழே. டாக்டர் பேச்செடுத்தபோது விலையைக் கேட்டு வாயை மூடிக்கொண்டோம். பிறகு 2021இல் கொரோனா இரண்டாவது அலையில் அதே மருந்தின் பெயரைச் சொல்லி ஊர் முழுக்க அலைந்ததைப் பார்த்தபோது, ‘அட, நம்ம அத்தை ஊசி’ என்று நினைத்துக்கொண்டேன். அதைப் போட்டால் ஒரு வேடிக்கை. ஈ.எஸ்.ஆரும் சி.ஆர்.பி.யும் அடியோடு படுத்துவிடும், வியாதி கிளம்பினாலும் அவை காட்டிக்கொடுக்காது. என்னைப்போன்ற லேப்காரிக்கு அங்கே வேலையில்லை, நோயாளியின் வாயைத்தான் கேட்க வேண்டும். அத்தைக்கு அதற்குப் பதில் அழற்சியை அடக்குகிற மெத்தோட்ரெக்சேட் மாத்திரை கொடுத்தார்கள், வாரம் ஒரே ஒரு நாள். தினம் என்று தப்பாகச் சாப்பிட்டு உயிருக்கே ஆபத்து வந்தவர்கள் உண்டு என்பதால் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்தேன்.

இரண்டரை வருடத்தில் மாத்திரை நின்றது. பெருந்தமனியிலும் இந்த அழற்சி ஒளிந்திருந்து பல வருடம் கழித்து வீக்கமாக வெளிவரலாம் என்பதால் நெஞ்சு ஸ்கேனுக்கு இன்னும் போய்வருகிறோம்.

லேபில் இப்போது அறுபது தாண்டியவர்களுக்கு ஈ.எஸ்.ஆர். ஐம்பதுக்கு மேல் வந்தால் ரிப்போர்ட்டைக் கொடுக்கும்போது மூன்று கேள்வி கேட்கிறேன். புதுசாத் தலைவலி இருக்கா, தலை வாரினா வலிக்கா, மெல்ல மெல்லத் தாடை கடுக்கா. நான் டாக்டர் இல்லை, கேட்பது என் வேலையும் இல்லை. ‘ஆமா’ என்றால் ரிப்போர்ட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதி, ‘இதை டாக்டர்கிட்ட இன்னைக்கே காட்டுங்க’ என்பேன். இதுவரை ஏழெட்டுப் பேர் ‘ஆமா’ என்றிருப்பார்கள், அநேகமாக எல்லோருக்கும் பல்லும் கழுத்துத் தேய்மானமும்தான். ஒரு டாக்டர் போன் பண்ணி, “நீ எப்பம்மா எம்.பி.பி.எஸ். முடிச்ச?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டேன். ஈ.எஸ்.ஆரும் சி.ஆர்.பி.யும் சரியாக இருந்தும் இந்த வியாதி இருக்கிற சிலபேர் உண்டு, அவர்கள் என் கேள்விக்கே வர மாட்டார்கள். அது உறுத்தத்தான் செய்கிறது.

தினமும் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் ஏதாவது படித்துப் பார்க்க வேண்டும், மங்கல் தெரிந்தால் அன்றைக்கே வர வேண்டும் என்று மதுரையில் சொல்லி அனுப்பினார்கள். அத்தை அதற்குத் தினக் காலண்டரைப் பிடித்துக்கொண்டாள். காலையில் தாளைக் கிழித்ததும், தெரியாத வலது கண்ணையும் விடாமல் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் ராசிபலன் வாசிப்பாள். பன்னிரண்டு ராசிக்கும் வாசிப்பாள். அவளுடையது விருச்சிகம். நேற்று அதற்கு ‘லாபம்’ என்று போட்டிருந்தது. எனக்கு மேஷம். “ஏட்டி, ஒனக்கு ‘அலைச்சல்’னு போட்டிருக்கான், வெயில்ல சுத்தாத” என்று லேபுக்குப் போன் பண்ணினாள். வாயில் எதையோ மென்றுகொண்டே பேசினாள். என்ன என்று கேட்டேன். கடலைமிட்டாய்தான்.